நாற்பதாம் பக்கத்தில் நின்றவர்கள்

புதிதாக நூலக வேலைக்கு வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். எண் போடுவது, அட்டை எழுதுவது, அலமாரி அடுக்குவது எல்லாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் என்னைவிட நீங்கள் கெட்டிக்காரர்கள்தான். நான் சொல்லப்போவது வகுப்பில் வராத சங்கதி. ஒரு புத்தகம் கைக்கு வந்ததும் அட்டையைப் பார்க்காதீர்கள். மூடியபடியே திருப்பி, தாள்களின் ஓரத்தைப் பாருங்கள். விரல் அழுக்கு எந்தப் பக்கம் வரை ஏறியிருக்கிறதோ, அந்தப் பக்கம் வரைக்கும்தான் ஆட்கள் போயிருக்கிறார்கள். அதற்கப்புறம் வெள்ளை வெளேரென்று இருக்கும். தேதிச் சீட்டில் நாற்பது முத்திரை இருந்தாலும் அதை நம்பாதீர்கள்.

இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரிய ஒன்பது வருஷம் ஆயிற்று. அதற்குள் ஒரு வாசகிக்கு நான் செய்த அநியாயத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த நூலகத்தின் பெயர் வேண்டாம். அந்தப் புத்தகத்தின் பெயரும் வேண்டாம். சொன்னால் உங்களில் பாதிப் பேர் "படிச்சிருக்கேன் சார்" என்பீர்கள், நான் நம்ப மாட்டேன், நமக்குள் எதற்கு மனஸ்தாபம்? ஆங்கிலத்தில் மூன்று வால்யம். ஒவ்வொன்றும் அம்மிக் குழவி கனம். அதில் வருகிற பெண் கிழவியாகி, மூன்றாம் வால்யத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சாவியை ஆற்றில் எறிகிறாள். இந்த ஒரு விஷயம் மட்டும் எங்கள் ஊரில் படித்தவன், படிக்காதவன் எல்லாருக்கும் தெரியும்.

தெரியவைத்தவர் பெரிய வக்கீல். ஊரில் அவருக்கு அதுதான் பெயர். கரமனை அக்ரஹாரத்துக்காரர், என் தெருவுக்கு அடுத்த தெரு. எங்கள் நூலகக் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். நாற்பத்தேழில் ஒரு கூட்டத்தில் அவர் பேசினார்: அந்தக் கிழவி சாவியை ஆற்றில் எறிந்தாளே, அதுபோல நம்மைப் பூட்டி வைத்திருந்த சாவியை நாமும் எறிந்துவிட்டோம் என்று. கைதட்டல் நிற்கவே இல்லை. மறுவாரமே கமிட்டி சொல்லி மூன்று வால்யமும் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. நான் வேலைக்குச் சேர்ந்ததும் அந்த வருஷம்தான். அதற்கப்புறம் பள்ளிக்கூட ஆண்டு விழாவா, பிரிவுபசாரமா, தம்பானூர் முக்கில் யூனியன் கூட்டமா, எங்கே போனாலும் யாராவது ஒருவர் சாவியை ஆற்றில் எறிந்துகொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் சீமைப் புத்தகங்கள் தாள் மடிப்பு வெட்டாமலே வரும். இரண்டு தாள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மரக்கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டிப் பிரித்து அலமாரியில் வைப்பது என் வேலை. முதல் வால்யத்தை வெட்டினேன். இரண்டாவதில் பத்துப் பன்னிரண்டு தாளோடு கை ஓய்ந்துவிட்டது. யாராவது புகார் சொன்னால் வெட்டிக்கொள்ளலாம் என்று அப்படியே அலமாரியில் ஏற்றினேன். ஒன்பது வருஷம் யாரும் புகார் சொல்லவில்லை. ஏழு பேர் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பதினைந்து நாள் வைத்திருந்து, "என்ன எழுத்து, என்ன எழுத்து!" என்று சொல்லித் திருப்பிக்கூடக் கொடுத்தார்கள்.

ஐம்பத்தைந்து ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீலம்மை வந்தாள். பூதப்பாண்டிப் பக்கம் ஊர். மராமத்து ஆபீசில் டைப்பிஸ்ட். கரமனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு மாடியில் தங்கியிருந்தாள். இருபத்தெட்டு வயசிருக்கும். குடையை மடக்கி வாசலிலேயே சாத்திவிட்டு வந்து, முதல் வால்யம் வேண்டும் என்றாள்.

"வெளியே போயிருக்கும்மா" என்றேன். முன்பதிவு நோட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தாள். இல்லை என்றேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாள். "இல்லியா சார்? சரி, அடுத்த வாரம் வாறேன்" என்பாள். முகம் சுளிக்க மாட்டாள். வேறு ஏதாவது புத்தகம் எடுத்துக்கொண்டு போவாள்.

அந்த வால்யம் பெரிய வக்கீல் வீட்டில் இருந்தது. முன்பதிவு இருந்தால் புத்தகத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்பது விதி. புதுப்பிக்கிறதாயிருந்தாலும் புத்தகத்தைக் கையில் கொண்டுவரவேண்டும் என்பது இன்னொரு விதி. ஆனால் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு தனி வழக்கம் வைத்திருந்தோம். அவர்கள் வீட்டுக் குமாஸ்தா ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதிக்கொண்டுவருவார், நான் முத்திரை குத்துவேன், முடிந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு சீட்டு. இப்படியே ஒன்றரை வருஷம். சனிக்கிழமை அவளிடம் "இல்லை" என்பேன். திங்கட்கிழமை அதே கையால் முத்திரை குத்துவேன். பயம், வேறென்ன? நான் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்குகிற காகிதம் கமிட்டி மேஜைக்குத்தான் போகவேண்டும்.

ஐம்பத்தாறு கோடையில் அவளுக்கே பொறுமை போய்விட்டது. "அப்பம் ரெண்டாம் வால்யத்தைத் தாங்க சார். நடுவில இருந்தே படிச்சுக்கிடுகேன்" என்றாள். கொடுத்தேன். மறுநாள் ஆபீஸ் விட்டதும் நேரே வந்து நின்றாள்.

"சார், இது பிரிக்கவே இல்லியே! தாளெல்லாம் ஒட்டிக்கிட்டுல்லா இருக்கு. நானே வெட்டலாமா, இல்ல உங்களுக்கு ரூல் உண்டா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மரக்கத்தியை எடுத்து நீட்டினேன். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, ஒரு பிசிறு இல்லாமல், தாள் தாளாக வெட்டினாள். வெட்டும்போதே அங்கங்கே நின்று படித்துவிடுவாள்; பிறகு தலையை உலுக்கிக்கொண்டு அடுத்த தாளுக்குப் போவாள். நான் தேதிச் சீட்டைப் புரட்டி, அந்த ஏழு பேரையும் மனசுக்குள் கூப்பிட்டு நிறுத்திவைத்துச் சிரித்தேன். எட்டாவதாக நானும் அங்கே நிற்கவேண்டியவன் என்பது அப்போது உறைக்கவில்லை. நானும் படித்திருக்கவில்லை.

ஆகஸ்டுக்குள் இரண்டையும், அதே மாதிரி வெட்டி மூன்றையும் முடித்துவிட்டாள். மூன்றாம் வால்யத்தைத் திருப்பிக் கொடுக்கிறபோது கேட்டாள்: "சார், எல்லாரும் மேடையில சொல்லுகாங்களே, சாவியை எறிஞ்சது விடுதலைன்னு. விடுதலைன்னா அவ ஏன் சார் அழணும்?"

"அழறாளா?" என்றேன்.

"அழுதாளே! ரெண்டு பக்கத்துக்கு அழுதா. அறுபது வருஷம் அந்தச் சாவியை முந்தானையில முடிஞ்சுல்லா வச்சிருந்தா. அது யாரு வீட்டுச் சாவின்னு ஒண்ணாம் வால்யத்துலதான் வந்திருக்கணும். உங்களுக்குத் தெரியுமா சார்?"

எனக்கெங்கே தெரியும்? தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவும் கேட்டேன். அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய காலேஜ் பேராசிரியர் ஒருவர் வந்தார். "அந்தச் சாவி யார் வீட்டுது சார்?" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஒரு குறியீடு" என்றார். குறியீடாம்! வேறு இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் சிறைச்சாலைச் சாவி என்றார். ஒருவருக்கு உடனே வேறு ஜோலி ஞாபகம் வந்துவிட்டது.

அக்டோபர் வந்தது. நவம்பர் ஒன்றாம் தேதி மாநிலங்கள் பிரிகின்றன, நாஞ்சில் நாடு மதராஸோடு போகிறது. ஆபீஸ் ஆபீஸாக ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நீலம்மைக்கு நாகர்கோவிலுக்கு ஆர்டர் வந்துவிட்டது. எங்கள் நூலகத்தில் புத்தகத்துக்கு ஒன்றாகக் கொடுக்கிற டிக்கெட் ஊரில் குடியிருப்பவர்களுக்குத்தான். மாசக் கடைசியோடு அவள் டிக்கெட்டும் ரத்து.

அந்தச் சனிக்கிழமையும் வந்து கேட்டாள். இல்லை என்றேன். முதலிலிருந்தே ஒரே ஆளிடம்தான் இருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டேன்.

"பரவாயில்ல சார். ஒன்றரை வருஷமா வச்சிருக்காருன்னா வரி வரியா ருசிச்சுப் படிக்கிறவரா இருக்கும். அவரைப் போயி அவசரப்படுத்தப்பிடாது. எனக்குக் கொடுத்துவைக்கல, அவ்வளவுதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அந்த மனுஷனுக்காகப் பரிந்து அல்லவா பேசினாள்! அன்றைக்கே எங்கள் தலைமை நூலகரிடம் போய், வக்கீல் வீட்டிலிருந்து புத்தகத்தைக் கேட்டு வாங்கப்போகிறேன் என்றேன். அவர் மலையாளி, நல்ல மனுஷர், ஆனால் கமிட்டி என்றால் நடுங்குவார்.

"எடோ ஹரிஹரா, தனக்கு வேற ஜோலி ஒண்ணும் இல்லே? கமிட்டி மெம்பர் வீட்டில போய்ப் புஸ்தகம் கேக்கறதோ? பெர்மனென்ட் ஆக்கறதுக்கு அடுத்த மாசம் தன்டெ பேரு அங்கே போகணும், அது மறக்கண்டா."

"மறக்கலை சார்" என்றேன். நிஜமாகவே மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். வக்கீல் கூடத்தில் ஈஸிச்சேரில் உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார்.

"வாடா. என்ன விசேஷம், காலங்கார்த்தால?"

நூலகத்தில் அவரை "சார்" என்றுதான் கூப்பிடுவேன். அன்று வாய் குழறி, தெருவில் கூப்பிடுகிற மாதிரி "மாமா" என்று வந்துவிட்டது. "மாமா, அந்த ஒண்ணாம் வால்யம் வேணும். ஒரு வாசகி ஒன்றரை வருஷமாக் காத்துண்டிருக்கா. மாசக் கடைசியில ஊரை விட்டுப் போறா. பதிவு இருக்கறச்சே நான் உங்களுக்குப் புதுப்பிச்சிருக்கப்படாது. தப்பு என்னோடது."

அவர் பொடி டப்பியை மூடினார். எழுந்து உள்ளே போனார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு, வேலை போனால் சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து புத்தகத்தைக் கையில் கொடுத்தார். பழுப்புக் காகிதத்தில் அழகாக அட்டை போட்டிருந்தது. என்னையறியாமல் திருப்பி ஓரத்தைப் பார்த்தேன். முதல் நாற்பது பக்கம் வரைக்கும் பொடிக்கறை, நல்ல பழுப்பு. அதற்குமேல் வெள்ளை.

"என்னடா பாக்கறே? நாப்பதோட நின்னுடறது, அல்லே?"

நான் புத்தகத்தை நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த நாப்பது பக்கத்தை எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு நெனைக்கறே? ஒவ்வொரு தடவையும் ஏதாவது கேஸ் வந்துடும், இல்லேன்னா கண்ணை அசத்திடும். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பேன். அந்தச் சாவிக் கதை ஒரு பத்திரிகைல கட்டுரையாப் படிச்சதுடா. மேடைல சொல்லிட்டேன். ஊரே பிடிச்சுண்டுடுத்து. அப்புறம் படிக்காம எப்படி இருக்கறது? படிச்சு முடிச்சுட்டுத் திருப்பிக் குடுக்கலாம்னு வெச்சிண்டே இருந்தேன். படிக்காமக் குடுத்தா ஊருக்குத் தெரியாது, கேட்டியா, ஆனா எனக்குத் தெரியுமே."

கோர்ட்டில் சாட்சிகளை அழவைக்கிற மனுஷர். குழந்தை மாதிரி பொடி டப்பியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக அவரைப் பெரிய ஆள் என்று பயந்தேன். ஒன்றிரண்டு மாசமாக டம்பக்காரர் என்று மனசுக்குள் ஏசினேன். இரண்டும் தப்பு. வெட்கப்பட்டுப்போய் ஒரு புத்தகத்தை வீட்டில் ஒளித்துவைத்திருந்த ஒரு கிழவர், அவ்வளவுதான்.

"அந்தப் பொண்ணு மத்த ரெண்டையும் படிச்சுட்டா மாமா. சாவியை எறியறச்சே கிழவி அழறாளாம். விடுதலைன்னா ஏன் அழணும்னு கேக்கறா."

அவர் நிமிர்ந்தார். "அழறாளா? கட்டுரைல அது இல்லையேடா!" உடனே கையை வீசி, "எடுத்துண்டு போ, போ, நிக்காதே" என்றார்.

நேரே நீலம்மை தங்கியிருந்த வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். வாங்குவதற்கு முன்னால் இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். யாரிடம் இருந்தது என்று சொன்னேன், நான் முத்திரை குத்தினதையும் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், "வீடு தேடி வந்தீங்களே சார், போதும்" என்றாள்.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம், தம்பானூரில் பஸ் ஏறுகிற வழியில், தகரப்பெட்டியோடு வந்தாள். புத்தகத்தைக் கவுண்டரில் வைத்தாள். கண் சிவந்திருந்தது.

"தெரிஞ்சுதா?" என்றேன். எனக்குத்தான் அவளைவிட அவசரம்.

"பக்கத்து வீட்டுச் சாவி சார். அவளுக்கு எட்டு வயசு இருக்கும்பம் பக்கத்து வீட்டுக்காரங்க ஊரைவிட்டு அவசரமாப் போறாங்க. அந்த வீட்டம்மா இவ கையில சாவியைக் குடுத்து, பத்து நாள்ல வந்திருவோம், செடிக்குத் தண்ணி ஊத்து மக்கான்னு சொல்லுகா. வரவே இல்ல. இவ அறுபது வருஷமா வச்சிருக்கா. கடைசியில அந்தம்மா எங்கயோ தூர ஊர்ல செத்துப்போன சேதி வருகு. அதுக்கப்புறந்தான் ஆத்துல போடுதா. விடுதலையும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். இனிமே வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு, அதுக்கு அழுகா."

நான் முத்திரையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

அப்போது படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. பெரிய வக்கீல். குமாஸ்தாவும் இல்லை, சீட்டும் இல்லை. தானே மூச்சுவாங்க ஏறி வந்து, வரிசையில் நீலம்மைக்குப் பின்னால் நின்றார். எங்கள் தலைமை நூலகர் நாற்காலியை விட்டு எழுந்து ஓடி வந்தார். வக்கீல் அவரைக் கையமர்த்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீதானே அம்மா? உன்னை ரொம்ப நாள் காக்க வெச்சுட்டேன். க்ஷமிக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அது யாராத்துச் சாவி?" என்று கேட்டார்.

நீலம்மை வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள். "நான் சொல்லமாட்டேன் சார். அறுபத்துமூணாம் பக்கத்துல இருக்கு. நாப்பதைத் தாண்டிட்டீங்கன்னா அப்புறம் உங்களால கீழ வைக்க முடியாது."

அவரும் சிரித்துவிட்டார். தம்முடைய டிக்கெட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். முறைப்படி பதினைந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தேன். படியிறங்குவதற்கு முன்பே புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

நீலம்மை தன்னுடைய மூன்று டிக்கெட்டையும் எடுத்து வைத்தாள். ரத்தாகிற டிக்கெட்டை வாசகர் எதிரிலேயே கிழித்துப் போடவேண்டும் என்பது எங்கள் விதி. கிழிக்கக் கையில் எடுத்தேன்.

"சார், கிழிச்சிராதீங்க. அங்க வீடு பாத்து ஒதுங்குனதும் ஒரு மாசத்துல வாறேன். ஏதாவது வழி பண்ணித் தாங்க. ஒண்ணுல இருந்து வரிசையா ஒருதடவை படிக்கணும்" என்றாள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

டிசம்பரில் எங்கள் ஆண்டு விழா நடந்தது. பெரிய வக்கீல் பேச எழுந்தார். சாவி வரப்போகிறது என்று எல்லாரும் கைதட்டத் தயாராக இருந்தார்கள். அவர் சொன்னார்: "ஒன்பது வருஷமா உங்ககிட்டே ஒரு புஸ்தகத்தைப் பத்தித் தப்பாச் சொல்லிண்டு வந்திருக்கேன். அப்போ நான் அதைப் படிச்சிருக்கலை. இப்போ ரெண்டாம் வால்யம், நூத்திப்பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கேன். பாக்கியை முடிச்சுட்டுப் பேசறேன்." உட்கார்ந்துவிட்டார். பாதிப் பேர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை, மறுநாள் வந்து முதல் வால்யத்துக்குப் பதிவு எழுதிவிட்டுப் போனார். அது அப்போது என் மேஜையில் இருந்தது, நான் படித்துக்கொண்டிருந்தேன். அதன் ஓரத்தில் கடைசித் தாள் வரைக்கும் பொடிக்கறை ஏறியிருந்தது. வேறு யாராவது அப்படிக் கொண்டுவந்தால் சண்டை பிடிப்பேன். அன்று ஆசையாகத் தடவிப் பார்த்தேன். என் நிரந்தரக் காகிதமும் அந்த மாசமே கையெழுத்தாகி வந்தது. அதைப்பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகையால் பிள்ளைகளே, புத்தகத்தைப் பார்க்காமல் புதுப்பிக்காதீர்கள். படிக்காமல் மேற்கோள் சொல்கிறவரைக் கேலி செய்யாதீர்கள். அவர் வீட்டில் அந்தப் புத்தகம் எங்கோ ஒளிந்திருக்கும், அவரும் நாற்பதாம் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். யாராவது போய்க் கதவைத் தட்டினால் போதும். இது இரண்டையும் நான் சொல்லலாம். விதியை மீறாதீர்கள் என்று மட்டும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நீலம்மை ஒரு மாசத்தில் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. நாகர்கோவிலுக்கு இரண்டு கார்டு போட்டேன், பதில் இல்லை. வேறு ஊருக்கு மாற்றியிருப்பார்கள், கல்யாணமாகிப் போயிருப்பாள். நான் ஓய்வு பெற்ற அன்று மேஜையைக் காலி செய்தபோது அந்த மூன்று டிக்கெட்டையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். பீரோவில், என் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. என் வீட்டிலிருந்து கரமனை ஆறு ஐந்து நிமிஷ நடைதான். தினமும் சாயங்காலம் அந்தப் பக்கம்தான் நடக்கப் போகிறேன், டிக்கெட்டை எடுத்துப் போவதில்லை. எனக்கு இன்னும் சேதி ஒன்றும் வரவில்லை.